பாட்டுக்கு முந்தி ஒரு சொல்

அவருக்குப் பாடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படித்து முடிக்கும்போது அவர்தான் பெரிய பாடகர், நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டவன் என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் பாதிப்பேருக்கு அந்த எண்ணம் இருந்தது. எனக்கு அது அன்றைக்கும் பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை.

பெயர் வேண்டாம். போட் ஜெட்டியில் டிக்கெட் கொடுப்பவர். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், பாட்டு என்று வந்துவிட்டால் அரைகுறை உருது. எல்லோரும் இக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. எனக்கு அப்போது இருபது வயது. அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கலாம். எழுபதுகளின் கடைசி அது. நான் தினமும் காலையில் அந்த ஜெட்டியிலிருந்து படகு பிடித்து எர்ணாகுளத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

டிக்கெட் கொடுக்கும் ஓட்டை வழியாக அவருடைய கை மட்டும்தான் தெரியும். குனிந்து நம் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "ஒரு எர்ணாகுளம்" என்று நாம் சொன்னால் போதும்.

"தொண்டை கட்டியிருக்கே. நேத்து ஐஸ் தின்னியா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

தின்றிருப்பேன். பரீட்சைக்குப் பயந்துகொண்டு போகிறவளிடம் "பரீட்சையா மோளே? சாரமில்ல, எழுதிடுவே" என்பார். சாரமில்ல என்றால் பரவாயில்லை. வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டு சொல்லில் ஒருவரைப் பிடித்துவிடுகிற காது. இந்தக் காதை வைத்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தால் எனக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் பாட்டு நடக்கும். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக மரப்படி ஏறி வருவார்கள். மாலை பாங்கு ஒலி கேட்கும்போது ஹார்மோனியத்தை மூடிவிடுவார்கள். பெரிய வித்வான் என்று யாரும் கிடையாது. ஹார்மோனியம் வாசித்துப் பாடுபவர் ஒரு தையல்காரர். தபலாக்காரருக்கு வாரநாட்களில் ஐஸ் பாக்டரியில் வேலை. கொங்கணிக்காரர், குஜராத்திக்காரர், மலையாளி, எங்களைப் போல மூன்று தலைமுறையாக அங்கேயே கிடக்கும் தமிழர்கள் என்று இருபது முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். கஜல் பாடுவார்கள், மலபார் முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டு பாடுவார்கள், யாருக்காவது ஆசை வந்தால் தமிழ்ப் பாட்டும் உண்டு. நடுவில் சாயாவும் பழம்பொரியும் வரும்.

நானும் பாடுவேன். சின்ன வயதில் அத்தையிடம் கர்நாடக சங்கீதம் கற்றவன் என்பதால் என் கஜல்களில் கொஞ்சம் திருவையாறு வாசனை அடிப்பதாகக் கேலி செய்வார்கள். குரல் நன்றாக இருந்தது. இதில் தன்னடக்கம் காட்ட நான் தயாராக இல்லை. அந்த மாடியில் இருந்த குரல்களில் என்னுடையதுதான் நல்ல குரல்.

அவர் கடைசியாகத்தான் வருவார். இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலின் கட்டையில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அந்தக் கடிகாரம் பைக்குள் போன பிறகுதான் தையல்காரர் துருத்தியைத் திறப்பார். அவருக்காகக் காத்திருப்பதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காத்திருப்பார்கள்.

மற்றவர்கள் எல்லாம் தலையை ஆட்டுவார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள், எதற்கெடுத்தாலும் வாஹ் வாஹ் என்பார்கள். இவர் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருப்பார். ஒரு மதியத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ, "அதாண்" என்பார். அதுதான் என்பதற்கு மலையாளம். சத்தமாக இருக்காது. தொலைந்துபோனதாக நினைத்த சாவியைத் தன் பையிலேயே கண்டுபிடித்தவர் சொல்வது போல இருக்கும். உடனே தையல்காரரின் குரல் வேறு எங்கோ போய்விடும். கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள்.

அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு தையல்காரர் அடுத்த ஞாயிறு வரை வாழ்ந்தார். ஒருமுறை எனக்குப் பேண்ட் அளவு எடுக்கும்போது டேப்பை இடுப்பில் சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "மூணு வட்டம் கிட்டி மோனே, மூணு வட்டம்!" போன ஞாயிறு மூன்று முறை கிடைத்ததாம். அந்தச் சந்தோஷத்தில் அளவைத் தப்பாக எழுதி, பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது.

எனக்கு இரண்டு வருடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நான் பாடி முடித்ததும் "நன்னாயிட்டுண்டு" என்பார், டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற அதே குரலில். ராத்திரி படுத்தால் அந்த "நன்னாயிட்டுண்டு" காதில் ஈயாக வந்து உட்காரும். நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்காக இப்படி வயிறு எரிந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். படகு வரத் தாமதமாகியிருந்தது, ஜெட்டியில் வேறு ஆள் இல்லை.

"இக்கா, எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"என்ன சொல்லல?"

"அதாண்."

ஓட்டைக்குப் பின்னால் சில்லறை எண்ணுகிற சத்தம் நின்றது. பிறகு சிரித்தார். "அடேய், அது ஏப்பம் மாதிரிடா. வந்தா வரும். ஏப்பத்தக் கேட்டு வாங்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு ரேடியோ இருந்தது. உரிமம் கிரிமம் எதுவும் இல்லாத, ஒயரில் ஓடுகிற ரேடியோ. மாடிப்படிக்குக் கீழே பழைய கிரிக்கெட் மட்டைகள் கிடந்த அறையைக் காலி செய்து பிசிக்ஸ் சார் ஒரு ஆம்ப்ளிபயரும் ஸ்பூல் டேப் ரெக்கார்டரும் வைத்துக் கொடுத்தார். மூன்று குழாய் ஸ்பீக்கர்கள். ஒன்று கேண்டீனில், ஒன்று ஹாஸ்டல் வராந்தாவில், ஒன்று வாசலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தில். அந்த மரத்தடியில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர் வண்டியில் கப்பலண்டி வறுத்து விற்பார். வேர்க்கடலைக்குக் கொச்சியில் அதுதான் பெயர். எங்கள் ரேடியோவை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். தலைக்கு மேலே கட்டியிருந்தால் வேறு என்ன செய்வார்.

மதிய இடைவேளையில் அரைமணி நேரம் நிகழ்ச்சி. அறிவிப்பாளன் நான். சினிமாப் பாட்டை யார் வேண்டுமானாலும் போடுவார்கள், நாம் நம் ஊர்க்காரர்கள் பாடுவதைப் போடலாம் என்று சொன்னதும் நான்தான். வியாழக்கிழமைதோறும் மட்டாஞ்சேரி மாடிப் பாட்டு. அந்த டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, அலை தெறித்தால் குடையால் மறைத்துக்கொண்டு, படகில் கொண்டுபோய்ப் பதிவு செய்து வந்தேன். நிகழ்ச்சி பிடித்துப்போயிற்று. கேண்டீனில் கூச்சல் குறைந்தது. கடிதம் போட ஒரு பெட்டி வைத்தோம்.

முதல் வாரம் பெட்டியை யாரையும் தொடவிடாமல் நானே திறந்தேன். பாடுபவர் யார் என்று கேட்டிருப்பார்கள், என் பாட்டும் அதில் இருந்ததே என்று நினைத்தேன். பதினான்கு சீட்டுகள். ஒன்பதில் ஒரே கேள்வி: நடுவில் அதாண் என்று சொல்கிறாரே, அவர் யார்?

அடுத்த வாரமும் அதுவேதான். பிறகு அந்தச் சொல் கல்லூரி முழுவதும் பரவியது. கேண்டீனில் பருப்பில் உப்பு சரியாக இருந்தால் அதாண். வாத்தியார் வராவிட்டால் அதாண். பெண்கள்கூட வராந்தாவில் சொல்லிச் சிரித்தார்கள். ஆம்ப்ளிபயர் அறையில் வியர்த்து வழிந்து அறிவிப்புச் செய்து, ஒரு வரிகூடப் பாடத் தெரியாத ஒருவரைப் பிரபலமாக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை அறையில் தனியாக உட்கார்ந்து தையல்காரரின் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் அப்படி எந்த இடத்தில்தான் மயங்குகிறார் என்று பார்க்கலாம், அதைப் படித்துக்கொள்ளலாம் என்று எண்ணம். ஸ்பூலைக் கையால் மெல்லச் சுற்றிக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த இடம் வந்த பிறகு அவர் சொல்லவில்லை. முதலில் "அதாண்." ஒரு மூச்சு இடைவெளி. அதற்கப்புறம்தான் தையல்காரரின் குரல் வளைந்து அந்த இடத்துக்குப் போகிறது. வேறு பாட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படியே. பாடுகிறவனுக்கே தெரியாத ஒன்றை முன்கூட்டிக் கேட்டு, இதோ வந்துவிட்டாய் என்று சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு போகாமல் எப்படி இருப்பது?

அப்படியானால் பாடியது யார்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு ராகத்தை அத்தையிடம் ஆறு மாதம் குட்டுப்பட்டுக் கற்றவன் நான். இவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு தையல்காரரின் தொண்டையை வைத்துப் பாடிவிட்டுப் போகிறார்.

பிளேடை எடுத்தேன். கையிலிருந்த ஸ்பூல்களிலெல்லாம் அதாண் வருகிற இடங்களில் டேப்பை வெட்டி, மீதியை ஒட்டினேன். பதினொரு துண்டுகள் விழுந்தன. குப்பையில் போட மனம் வராமல் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் ஒலிபரப்பினேன். அந்தச் சொல்லோடு பாட்டிலும் கொஞ்சம் வெட்டுப்பட்டதால் தையல்காரர் விக்கி விக்கிப் பாடினார். அதைவிட மோசம், விக்காத இடங்களிலும் பாட்டு எங்கும் போய்ச் சேரவில்லை. கேண்டீனில் ஒருவன் ஸ்பீக்கரைப் பார்த்து, "சுகமில்லையா இவருக்கு?" என்றான். பிசிக்ஸ் சார் ஓடிவந்தார். மிஷினில்தான் ஏதோ கோளாறு என்று பாவம், இரண்டு மணி நேரம் அதைக் கழற்றி மாட்டினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மாடிப் பாட்டுக்காரர்களை நேரிலேயே அழைத்து வந்து கேண்டீன் ஹாலில் பாட வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஸ்பீக்கர்களில் அப்படியே நேரடியாகப் போகும். எல்லோரையும் அழைக்கிற பொறுப்பு எனக்கு. விழாக்குழுக் கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது மாணவர் சங்கச் செயலாளன் கத்தினான்: "அந்த அதாண் இக்காவை மட்டும் மறந்துடாதே. அவருக்குத்தான் முதல் மாலை."

முதல் மாலை.

தையல்காரரை அழைத்தேன். தபலாக்காரரை ஐஸ் பாக்டரிக்கே போய் அழைத்தேன். சாயா கொண்டுவருகிறவரைக்கூட அழைத்தேன். இவரைத் தினமும் இரண்டு வேளை பார்த்தேன். காலையில் "ஒரு எர்ணாகுளம்" என்று சொல்லிக் கையை நீட்டினேன், டிக்கெட்டை வாங்கினேன், படகு ஏறினேன். ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மாதம் சொல்லவில்லை. மாடியில் இருந்தவர்களிடம் அவருக்கு டூட்டியாம், லீவு கிடைக்காதாம், அவரிடம் பேச்செடுத்தால் வருத்தப்படுவார் என்றேன். கல்லூரியிலும் அதையே சொன்னேன். வியாழக்கிழமை மதியம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் ஓட்டைக்குள்ளிருந்து அவரே கேட்டார்.

"நாளைக்கு எந்தாடா விசேஷம்? நம்ம தையல்காரன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டிருக்கான்."

அந்த நிமிஷத்தில்கூடச் சொல்லியிருக்கலாம்.

"சும்மா காலேஜ் விஷயம் இக்கா" என்றேன்.

என் குரலில் என்ன கேட்டதோ. வழக்கமாக அவர் ஏதாவது சொல்வார். அன்றைக்கு டிக்கெட்டை மட்டும் வெளியே தள்ளினார்.

விழா நன்றாகத்தான் ஆரம்பித்தது. தையல்காரர் பாடத் தொடங்கியதும் ஹாலில் இருந்த நானூறு பேரும் அதாண், அதாண் என்று கத்த ஆரம்பித்தார்கள். மூச்சு வாங்கினால் அதாண். ஹார்மோனியத்தை நகர்த்தினால் அதாண். பாவம், தையல்காரர் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஜன்னலே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் ஹார்மோனியத்தைத் தள்ளினார்.

எனக்கும் கத்தினார்கள். நான் கவலைப்படவில்லை. மைக் என் முன்னால் இருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் கூச்சல் ஒரு பக்கம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போது குரல் தானாக ஒரு இடத்துக்கு ஏறி நின்றது. அத்தை சொல்லிக்கொடுத்த இடமில்லை. நான் ஒத்திகை பார்த்த இடமும் இல்லை. எப்படிப் போனேன் என்று தெரியாமல் நின்றுவிட்டுக் கீழே வந்தேன். தபலாக்காரர் ஒரு தட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஹாலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் பயங்கரக் கைதட்டல். முதல் மாலை எனக்குத்தான் விழுந்தது.

சாயங்காலப் படகில் மாலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். எஞ்சின் பக்கத்துப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மணிக்கட்டில் கடிகாரம் இல்லை.

"இக்கா, டூட்டி இல்லையா?"

"லீவு போட்டிருந்தேன்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"நான் கூப்பிட மறந்துட்டேன் இக்கா" என்றேன். அந்தக் காதுக்கு அது பொய் என்று தெரியாமலா இருக்கும்?

"சாரமில்லடா. உள்ளதான் வரணும்னு உண்டா? வெளிய மரத்துல கட்டியிருக்கீங்களே, நல்ல ஸ்பீக்கர். ஒரு கொறவும் இல்ல."

படகு திரும்பியது. படகோட்டுகிற ஸ்ராங்கு மணியை இழுத்தார், எஞ்சின் சத்தம் மாறியது. அவர் என் பக்கம் குனிந்தார்.

"ரெண்டாவது பாட்டுல மேல போயி நின்னியே. அங்க வந்துடுச்சுடா எனக்கு."

"என்ன?"

"அதாண், வேற என்ன. நல்லா சத்தமா வந்துடுச்சு. பக்கத்துல நின்ன கப்பலண்டிக்காரன் பயந்துபோயி, என்னமோ கேக்கறேன்னு நெனச்சுப் பொட்டலம் மடக்கிட்டான். வாங்க வேண்டியதாப் போச்சு." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பாதி மிச்சம் இருந்தது. "எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக மென்றேன். கடிகாரத்தைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் படகை விட்டு இறங்கியதும் நேராக மரத்தடிக்குப் போனேன். "அண்ணாச்சி, நேத்து வெள்ளச் சட்டை போட்ட ஒருத்தர் இங்க நின்னாரே, அவர் ஏதோ சொன்னாராமே. எப்பச் சொன்னார்?"

"அந்த ஆளா? நல்ல மனுசன். ரொம்ப நேரம் நின்னாரு. திடீர்னு என்னமோ சொன்னாரு தம்பி."

"பாட்டு மேல போனதுக்கு முந்தியா, பிந்தியா?"

அவர் கடலையைக் கிளறிக்கொண்டே யோசித்தார். "முந்தித்தான். அவரு சொல்லவும் நான் பொட்டலத்த எடுத்தேன். அதுக்குப் பொறவுதான் கொழாயில ஒங்க சத்தம் ஏறிச்சு. ஏன் தம்பி?"

அதற்குப் பிறகும் மாடிக்குப் போனேன், பாடினேன். எனக்கு அவர் அதைச் சொல்லவே இல்லை. என்மேல் கோபமில்லை என்று தெரிந்தது. நான் அந்த மாதிரி இன்னொரு தடவை பாடவில்லை, அவ்வளவுதான். எண்பதுகளில் அவரை வேறு ஜெட்டிக்கு மாற்றினார்கள், எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எனக்குக் கிடைத்த அதாணைக் கேட்டவர் அந்த அண்ணாச்சி ஒருவர்தான். அவர்மேலும் எனக்குப் பொறாமை உண்டு.

விழா அன்று பதிவான ஸ்பூல் என்னிடம் இருக்கிறது. அதில் நானூறு பேரின் கூச்சல் இருக்கிறது, என் குரல் ஏறி நிற்கிற இடம் இருக்கிறது, அவர் இல்லை. கோயம்புத்தூர் போன முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளேடை எடுத்தேன். தீப்பெட்டியைத் திறந்து, பதினொரு துண்டுகளில் ஒன்றைப் பொறுக்கி, என் பாட்டில் அந்த இடத்துக்கு ஒரு மூச்சு முன்னால் ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் நன்றாகத்தான் ஒட்டினேன்.

போட்டுக் கேட்டேன். "அதாண்" என்கிறார். அவருடைய குரலேதான். ஆனால் அந்தத் துண்டில் அவர் மட்டும் இல்லை. அவருக்குப் பின்னால், வேறு சுருதியில், தையல்காரர் பாடிக்கொண்டிருக்கிறார்.